சிவப்பு சிவப்போடு

1994 அக்டோபர் 4

ஹாஸ்டலில் இன்றைக்கும் உப்புமா. லேபில் பக்கத்து மேஜை ப்ரீதா, "ஒன் கடற்பஞ்ச விட இது நல்லா ஒட்டுது" என்றாள். அவளுக்கென்ன, இறால் ஆராய்ச்சி. இறால் சொன்னபடி கேட்கும்.

கிருபைராஜ் சார் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். என் பி.எச்டி. பதிவு டிசம்பரோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் கேட்க வேண்டுமென்றால் கைடு என்ற முறையில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். "ஆகஸ்ட்ல நீ பாத்தத நானும் ஒருதடவ பாத்துட்டா போதும்மா சுகன்யா. அன்னைக்கே போட்டுத் தாரேன்."

கேட்டதில் தப்பில்லை. ஆகஸ்டில் அவர் பேப்பர் திருத்த மெட்ராஸ் போயிருந்தார். மைக்ராஸ்கோப்பில் மாட்டும் கேமரா பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அதனால் அன்றைக்குப் பார்த்தது நான் ஒருத்திதான். சிவப்புக் கடற்பஞ்சு ஒன்று, மஞ்சள் ஒன்று. துணியில் முடிந்து கடல்தண்ணீருக்குள் பிழிந்தால் இரண்டும் செல் செல்லாக உதிர்ந்துவிடும். அப்புறம் பஞ்சே கிடையாது, வெறும் கலங்கல். இரண்டு கலங்கலையும் ஒரே கண்ணாடித் தட்டில் ஊற்றி மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சிவப்பு சிவப்போடு போய் ஒட்டியிருக்கிறது. மஞ்சள் மஞ்சளோடு. கண் இல்லை, மூளை இல்லை, நரம்புகூட இல்லை. ஆனாலும் தன் ஆள் யார் என்று அதற்குத் தெரிகிறது. வெளிநாட்டில் வேறு பஞ்சுகளில் எப்போதோ பார்த்துவிட்டார்கள். நம் கடலில் உள்ள இந்த இரண்டு இனத்தில் பார்த்தது நான்தான். சிவப்புப் பென்சிலும் மஞ்சள் பென்சிலும் வைத்து அப்படியே வரைந்து வைத்தேன். அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

இன்னொரு தடவை செய்து காட்ட எவ்வளவு நேரமாகிவிடும்.

அக்டோபர் 12

மணப்பாடு போய் வந்தேன். சாலோமி அக்கா வீட்டுக்காரர் வலையில் மீனோடு வரும் பஞ்சை அக்கா எனக்காக வாளியில் போட்டு வைப்பாள். மற்றவர்கள் கரையில் வீசிவிட்டுப் போவதை இவள் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறாள். இன்றைக்கு சிவப்பும் மஞ்சளும் நன்றாகவே கிடைத்தன.

திரும்பும்போது குலசேகரன்பட்டினத்தில் பஸ் நிரம்பிவிட்டது. தசரா. நேர்ச்சைக்கு வேஷம் கட்டியவர்கள்: குறவன், ராஜா, போலீஸ், நாலைந்து காளி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த காளி கடல்தண்ணீர் கேனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலி வரை சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தார். இறங்கும்போது "இத வச்சி என்னத்தம்மா செய்யுத?" என்றார். சொன்னேன். "நல்லா சேரட்டும்" என்று கை காட்டிவிட்டுப் போனார். காளியே சொல்லியாயிற்று.

மழையால் தண்ணீர் செம்மண் கலங்கல். லேபில் வடிதாள் தீர்ந்துபோய் மாதக்கணக்காகிறது. பானையில் ஊற்றித் தெளிய வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14

சார் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளும் ஒரே உருண்டைக்குள். தட்டு முழுக்க ஆரஞ்சுக் கட்டி. பிரித்தே பார்க்க முடியவில்லை.

சார் ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார். "நாளைக்குப் பாப்போம்" என்றார்.

அக்டோபர் 15

இன்றும் ஆரஞ்சு.

அக்டோபர் 25

துணியை மாற்றினேன். தட்டை மாற்றினேன். எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி வெயிலில் காயப்போட்டேன். பஞ்சு பழையதாக இருக்குமோ என்று மறுபடி மணப்பாடு போய்ப் புதிதாகக் கொண்டுவந்தேன். தண்ணீரும் புதிது. அதையும் தெளிய வைத்துத்தான் எடுத்தேன். ஆட்டும் வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன்.

எதைச் செய்தாலும் கண்டதோடு கண்டது ஒட்டிக்கொள்கிறது. ஆகஸ்டில் அத்தனை மானத்தோடு இருந்த செல்லுக்கு இப்போது என்ன வந்தது?

ப்ரீதா சொன்னாள், "மழக்காலத்துல அதுக்கும் மூளை மழுங்கியிருக்கும்டி." சிரிப்பு வரவில்லை. அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்து சரிக்கட்டினேன்.

நவம்பர் 2

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. சேரன்மகாதேவிக்கு அரை மணி நேர பஸ்தான். ஆனால் எந்த முகத்தோடு போவது?

நான் போகாவிட்டால் அம்மா வந்துவிடுவாள் என்பது தெரியாதா எனக்கு? மதியம் வாட்ச்மேன் கூப்பிட்டார். கேட்டில் என் அம்மா பேச்சித்தாய், கையில் முறுக்குத் தூக்கு.

"ஏட்டி, முகம் என்ன இப்படி வத்திப் போயிருக்கு? என்னத்தத்தான் படிக்க?"

சொன்னேன். எத்தனாவது தடவையோ. பீடி சுற்றித் தேய்ந்த விரலால் என் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் சொன்னாள்: "பஞ்சப் பிச்சிப் போட்டு, சேருதா சேரலையான்னு பாக்கதுக்கா அஞ்சு வருசம்?"

"ஆமாம்மா."

"இப்ப சேருதுல்லா? பெறகு என்ன?"

"எல்லாம் எல்லாத்தோடயும் சேருதும்மா. அதுதான் தப்பு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சேந்து இருந்தா தப்புன்னு சொல்லுத. என்ன படிப்போ" என்று தூக்கை என் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அதை அவள் பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். இது போய்விட்டால் அவளிடம் என்ன சொல்வேன்?

முறுக்கைத் தின்ன முடியவில்லை.

நவம்பர் 10

எழுதவே கை கூசுகிறது.

இன்றும் ஆரஞ்சு. சார் ஸ்டூலிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"ஆகஸ்ட்ல அன்னைக்கு லேப்ல வேற யாரு இருந்தா?"

"யாரும் இல்ல சார்."

"கையில இருக்கது படம் மட்டும்தானம்மா. படம் யாரு வேணும்னாலும் வரையலாம்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் திரும்பி, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். "நீ பொய் சொல்லுதன்னு சொல்லல. ரொம்ப ஆசப்பட்டா கண்ணு தானா பாத்துரும். எனக்கே நடந்துருக்கு."

பொய் என்றே சொல்லியிருக்கலாம். திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவர் போனபிறகு தட்டைத் தூக்கித் தொட்டிக்குள் அடித்தேன். தூள் தூளாகப் போய்விட்டது. நானே பொறுக்கினேன்.

நவம்பர் 11

நான் பார்த்தேன்.

நவம்பர் 18

பார்த்தேனா?

அன்று சாப்பிடாமல் இருந்தேன். வெயில் அதிகம். சிவப்புக் கட்டிகள் தனியாகத் தெரிந்ததாக நினைத்து, ஓரங்களில் மஞ்சள் கலந்திருந்ததை விட்டுவிட்டேனோ. படத்தை எடுத்துப் பார்க்கிறேன். எவ்வளவு அழகாக இருக்கிறது. இவ்வளவு அழகாக எதுவாவது நடக்குமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைந்த மாதிரி, சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம்.

இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். என் கண்ணையே நம்ப முடியாவிட்டால் எதை வைத்துப் பிழைப்பது?

சாயங்காலம் வண்ணார்பேட்டைப் பாலத்தில் நின்றேன். ஆறு நிரம்பிப் போகிறது, காப்பி நிறத்தில். எதற்கு அங்கே போய் நின்றேன் என்று எழுத மாட்டேன். சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, "என்னம்மா, பஸ்ஸு வரலையா?" என்றார். "வந்துரும் அண்ணாச்சி" என்றேன். நான் நகர்கிற வரைக்கும் அவர் சைக்கிளை எடுக்கவில்லை.

நவம்பர் 19

நேற்றுப் பாலத்தில் நின்றதை ப்ரீதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் உடனே தன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

நவம்பர் 28

இன்று செய்ததை ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும். செல்களை ஃபார்மலினில் போட்டுக் கொன்றேன். நன்றாகக் கழுவி, வழக்கம்போல் பானைத் தண்ணீரில் விட்டு ஆட்டினேன். செத்தது சேராது. சேராது என்றால், உயிரோடு இருப்பவைதான் ஏதோ ஒன்றைச் செய்கின்றன என்றாவது சாரிடம் சொல்லலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

செத்ததும் சேருது.

உயிரோடு இருந்ததை விடச் சீக்கிரமாகச் சேருது. சிவப்புப் பிணமும் மஞ்சள் பிணமும் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு. ஐயோ, என்னத்தத்தான் நான் இத்தன நாளும் பாத்துக்கிட்டிருந்தேன்? அஞ்சு வருசம். அம்மா வெரல் தேஞ்சது இதுக்கா? நான் ஒண்ணையும் கண்டுபிடிக்கல. ஒரு மண்ணையும் கண்டுபிடிக்கல.

நவம்பர் 29

சாரிடம் மறைக்கவில்லை. அவர் மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"செத்ததே சேருதுன்னா, அடையாளம் கண்டுக்கிட்டு சேருதுன்னு எப்படிம்மா எழுத முடியும்? ஆகஸ்ட்ல பாத்ததுந்தான் இனி நிக்காது."

பிறகு, "ஊருக்குப் போய் அம்மாகூடக் கொஞ்ச நாள் இரு. வேற ஒண்ணு எடுத்துப் புதுசாப் பதிவு பண்ணலாம்" என்றார். நல்ல மனுஷர்தான். அதனால்தான் தாங்க முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஐந்து வருஷம் யாரால் முடியும்?

டிசம்பர் 3

மேஜையைக் காலி செய்தேன். ஆகஸ்ட் படத்தைக் கிழிக்க எடுத்தேன். ப்ரீதா பிடுங்கிக்கொண்டாள். "கிழிக்கதுன்னா நாளைக்குக் கிழி" என்றாள்.

டிசம்பர் 6, சேரன்மகாதேவி

மூன்று நாளாய் மழை. குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்மா ஆற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்தாள். முழுக்க மண். மண்பானையில் ஊற்றினாள். சுவர்ப் பிறையிலிருந்து தேத்தாங்கொட்டையை எடுத்துப் பானையின் உள்பக்கம் உரசினாள். வெள்ளத் தண்ணீர் தெளிய இந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது.

வேலையில்லாமல் பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். தூளாய்ச் சுற்றிக்கொண்டிருந்த மண் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிதிரியாய்ச் சேர ஆரம்பித்தது. திரி கட்டியானது. கட்டி மெல்ல இறங்கிப் போய் அடியில் உட்கார்ந்தது. மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது.

மண்ணுக்கு உயிரா இருக்கிறது? மண் மண்ணை அடையாளம் கண்டா சேருகிறது?

லேபில் நானும் இதைத்தானே செய்தேன். மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு தடவையும் கடல்தண்ணீரைப் பானையில் ஊற்றி, இதே கொட்டையை உரசி, மூடி வைத்தேன். 'தெளிய வைத்தேன்' என்று மட்டும் எழுதுவேன். சாரிடம் சொன்னதும் அவ்வளவே. எதை வைத்துத் தெளிந்தது என்பது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. லைட்டைப் போட்டேன் என்று யாராவது எழுதுவார்களா? ஆகஸ்டில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்போது கொட்டைக்கு வேலையே இல்லை.

செல் ஒன்றையும் மறக்கவில்லை. நான்தான் பசையைக் கலக்கிவிட்டு அதன்மேல் பழி போட்டிருக்கிறேன்.

சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அம்மா ஓடிவந்து என் நெற்றியில் திருநீறு பூசினாள். "ஒண்ணுமில்லம்மா, கொட்டையத் தா" என்றேன். "இந்த நேரத்துல கொட்டை எதுக்குட்டி?" என்று அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

டிசம்பர் 7

முதல் பஸ்ஸில் திருநெல்வேலி. கொட்டையை சார் மேஜைமேல் வைத்தேன். அவர் உருட்டி உருட்டிப் பார்த்தார். கேள்விப்பட்டதுண்டாம், தொட்டுப் பார்த்ததில்லையாம்.

"எங்க ஊரு தேரிக்காடு, வெறும் மணலு. கெணத்துத் தண்ணி. கலங்கலே கெடையாது. இது ஆத்துக்காரங்க வேலை." அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "காரணம் சரியாத்தான் இருக்கு. ஆனா காரணம் வேற, பாக்கது வேற. காட்டும்மா" என்றார்.

இருபத்திரண்டாம் தேதி அவர் கிறிஸ்துமஸுக்கு உடன்குடிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார். நீட்டிப்பு கேட்க முப்பதுதான் கடைசி. பஞ்சு கிடைத்தால் போதும்.

டிசம்பர் 14

மணப்பாடு. கடலைப் பார்க்கவே பயமாக இருந்தது. வள்ளமெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. சாலோமி அக்கா, "நானும் மாதாட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பிள்ள. எறங்குனா ஆள் திரும்பாது" என்றாள். என் பஞ்சுக்காக ஒருவரைக் கடலுக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மனசுக்குள் சொன்னேன். அப்படி ஆகிவிட்டேன்.

டிசம்பர் 20

சிவப்பு மட்டும் கிடைத்தது. மஞ்சள் இல்லை. இரண்டு நாளில் சிவப்பும் வாளியிலேயே நாறிவிடும்.

டிசம்பர் 22

சார் ஊருக்குப் போய்விட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 24

நாளை கிறிஸ்துமஸ். மணப்பாட்டில் யாரும் வலை எடுக்க மாட்டார்கள். காரணம் தெரிந்துவிட்டதே, அது போதாதா என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன். போதாது. தெரியாமல் போயிருந்தால்கூட இப்படி வலிக்காது.

டிசம்பர் 26, மணப்பாடு

ப்ரீதாவின் அப்பா அவளுக்கு வாங்கித் தந்த சின்ன மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "ஒடச்ச, கொன்னுருவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஆகஸ்ட் படத்தையும் அவளே பைக்குள் வைத்தாள்.

கடல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. சாலோமி அக்கா வீட்டுக்காரர் நாளை விடிய இறங்குவதாகச் சொல்கிறார். எனக்காக இல்லை, அடுப்பு எரிய வேண்டுமே. அக்கா எனக்கு மீன்குழம்பு ஊற்றினாள். இன்றைக்குச் சாப்பிட முடிந்தது.

டிசம்பர் 27

சிவப்பு. மஞ்சள். இரண்டும்.

வள்ளம் கரை தொட்டதும் அக்கா முழங்காலளவு தண்ணீருக்குள் ஓடிப்போய் வாளியில் வாங்கினாள். நான் கடல்தண்ணீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் திரும்பத் திரும்ப வடித்தேன். வேறு எதையும் தொடவிடவில்லை. இடுப்பில் வாளி, தோளில் மைக்ராஸ்கோப், உடன்குடி பஸ்.

சார் வீட்டு முற்றத்தில் இன்னும் நட்சத்திர விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. சார் லுங்கியோடு வந்து என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் மனைவி டீச்சரம்மா, "மொதல்ல உள்ள வா பிள்ள, நனைஞ்சிருக்கியே" என்று கேக்கை நீட்டினாள். நான் கேக் வேண்டாம், இரண்டு கண்ணாடிக் கிண்ணம் வேண்டும் என்றேன்.

சாப்பாட்டு மேஜையில் வைத்து சார் கண் முன்னாலேயே பிழிந்தேன். சிவப்பையும் மஞ்சளையும் கலந்தேன். கலங்கலை இரண்டு கிண்ணத்திலும் பாதிப் பாதியாக ஊற்றினேன். ஒன்றில் வெறும் கடல்தண்ணீர். இன்னொன்றில் அம்மா தந்த கொட்டையை உரசிக் கொஞ்சம் விட்டேன். அவரிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து ஆட்டச் சொன்னேன். சாருக்கே வேலை சொன்னது இன்றுதான் முதல் தடவை.

ஆளுக்கொரு கிண்ணமாக ஆட்டிக்கொண்டிருந்தோம். டீச்சரம்மா சோறு எடுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

என் கையிலிருந்தது கொட்டைக் கிண்ணம். கொஞ்ச நேரத்திலேயே ஆரஞ்சுக் கட்டி. அவர் கையிலிருந்ததில் ஒன்றுமே இல்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க சார் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிரவே இல்லை. நான் மேஜை விரிப்பில் உள்ள பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குனிந்தபடியே சொன்னார். "வீட்டுல கலர் பென்சில் இருக்கா? செவப்பும் மஞ்சளும் எடுத்துட்டு வா." டீச்சரம்மாவிடம்தான்.

பென்சில் வந்தது. ஒரு கண்ணால் பார்த்து, ஒரு கையால் வரைந்தார். சிவப்பு உருண்டைகள். தள்ளித் தள்ளி மஞ்சள் உருண்டைகள். மஞ்சளில் ஒன்று கோணல். நான் சொல்லவில்லை.

முடித்துவிட்டு அந்தத் தாளை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"படம்தானம்மா இதுவும். யாரு நம்புவா?"

"நீங்க பாத்தீங்கல்லா சார்."

தலையை ஆட்டினார். "அந்த ஆகஸ்ட் படம் இருக்கா, கிழிச்சுட்டியா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் படத்தில் கையெழுத்துப் போட்டார். என் படத்தை இழுத்து, அதன் அடியிலும் போட்டார். தேதியை மட்டும் ஆகஸ்ட் என்று போடவில்லை. இன்றைய தேதியைத்தான் போட்டார்.

அப்புறம் நீட்டிப்புத் தாளைக் கேட்டார். எனக்கு அது எந்தப் பையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. தேடி எடுப்பதற்குள் டீச்சரம்மா சோற்றைத் திரும்பச் சூடாக்கிவிட்டாள்.